இன்றேல், ஏன்? - பாதுகாப்பு அமைச்சின் விடைகள் பற்றி ஒரு விமர்சன நோக்கு

1

இலங்கைப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் அமைச்சரிடம் தொடுக்கும் வினாவுக்கு மரபுவழி வந்த வடிவம் ஒன்று உண்டு. “பாதுகாப்பு அமைச்சரைக் கேட்பதற்கு” என்று அது தொடங்கும். முதற் பிரிவு, இன்ன இடத்தில் இன்னது நிகழ்ந்துள்ளது “என்பதை அவர் அறிவாரா?” என்று வினவும். அடுத்த பிரிவு, “ஆமெனில், அதன் விபரங்களை இச்சபைக்கு அறிவிப்பாரா?” என்று தொடரும். இறுதிப் பிரிவு பெரும்பாலும் இரண்டே சொற்களில் அமையும்: “இன்றேல், ஏன்?”

இவ்விரு சொற்களுக்கும் ஆசிரியர் பெயர் கிடையாது. அலுவலக மேசையிற் பிறந்த மொழி இது. ஆயினும் ஒரு குடிமகன் தன் அரசை நோக்கிக் கேட்கத்தக்கன அனைத்தும் இவற்றுள் அடங்கியுள்ளன என்றால் மிகையாகாது. நீ செய்யவில்லையாயின், ஏன் செய்யவில்லை? நீ கூறமாட்டாயாயின், ஏன் கூறமாட்டாய்? சனநாயகம் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதப்பட்டவற்றின் சாரம் இதுவன்றி வேறென்ன?

இதற்கு அமைச்சர் தரப்பிலிருந்து வரும் விடையும் பல வேளைகளில் ஒரே சொல்தான்: “எழவில்லை.” முற்பிரிவுக்குத் தரப்பட்ட விடையினால் இவ்வினா எழுவதற்கே இடமில்லை என்பது அதன் பொருள். சபை மரபின்படி அது பிழையற்ற சொல். ஆனால், தன் வளவையும் கிணற்றையும் முள்வேலிக்கு அப்பால் விட்டுவிட்டு மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ நலன்புரி முகாமொன்றின் ஓலைக் கொட்டிலிற் கால் நூற்றாண்டைக் கழித்த குடும்பத்தின் செவியில் அச்சொல் எவ்வாறு ஒலித்திருக்கும்? அவர்களுடைய வாழ்வில் அவ்வினா ஒவ்வொரு விடியலிலும் எழுந்தது. சபையில் மட்டுந்தான் அது எழவில்லை.

இலக்கிய விமர்சனம் என்பது கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றோடு அடங்கிவிடும் ஒன்று என எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். உரைநடை எங்கெல்லாம் மனிதரின் வாழ்வைத் தீர்மானிக்கின்றதோ அங்கெல்லாம் விமர்சகனுக்கு வேலை உண்டு. ஒரு நாவலின் நடை போலியானது என்றால் நட்டம் வாசகனின் இரண்டு மணி நேரம். ஓர் அமைச்சரின் விடை போலியானது என்றால் நட்டம் ஓர் ஊர். ஆகவே ஹன்சாட் என்னும் பெருநூலின் ஒரு பகுதியை, பாதுகாப்பு அமைச்சின் விடைகள் என்ற பகுதியை, ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு நோக்குவது வீண்முயற்சியாகாது. அதிலும் குடாநாட்டில் வாழ்வோருக்கு இந்நூல் வெறும் நூலன்று. அவர்களுடைய நிலத்தின் மீது எழுதப்பட்ட நூல்.

2

வினாவையும் விடையையும் ஆராய நாம் மேனாட்டாரிடம் அளவுகோல் கடன் வாங்க வேண்டிய தேவையில்லை. பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துத் தந்துள்ளார். பள்ளிக்கூடத்தில் நாம் மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்ட பாடம் அது. அதனை ஹன்சாட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் பயன் புலனாகின்றது.

சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். வழி எது என்று கேட்டால் இது என்று காட்டுவது சுட்டு. செய்வாயா என்றால் செய்யேன் என்பது மறை. செய்வேன் என்பது நேர். மற்றைய ஐந்தும் கேட்டதற்கு நேரே விடை கூறாமல், விடைப்பொருளைக் குறிப்பாற் பயப்பன. இவ்வைந்தினுள்ளேதான் பாதுகாப்பு அமைச்சின் உரைநடை குடியிருக்கின்றது.

செய்வாயா என்று கேட்டவனிடம் நீயே செய் என்பது ஏவல் விடை. காணி விடுவிப்புப் பற்றிப் பாதுகாப்பு அமைச்சரைக் கேட்டால், அது காணி அமைச்சுக்கு உரியது, அல்லது மாவட்டச் செயலகத்துக்கு உரியது, அங்கே வினவுக என்பது இவ்வகை. வினாவுக்கு வினாவையே திருப்பித் தருவது வினா எதிர் வினாதல். பயங்கரவாதம் மீண்டும் தலைதூக்க வேண்டும் என்பதா உறுப்பினரின் விருப்பம் என்று கேட்பது இதற்கு எடுத்துக்காட்டு. தனக்கு நேர்ந்ததைச் சொல்லித் தப்புவது உற்றதுரைத்தல்; சென்ற யுத்தத்தின் வரலாறு முழுவதும் இதற்காக விரித்துரைக்கப்படும். இனி நேரக்கூடியதைச் சொல்லி அச்சுறுத்துவது உறுவது கூறல். வேலி அகற்றப்பட்டால் வரக்கூடிய ஆபத்துக்கள் பட்டியலிடப்படும். ஆடுவாயா என்று கேட்டால் பாடுவேன் என்பது இனமொழி விடை. வளவை எப்போது தருவீர்கள் என்று கேட்டவருக்கு, படையினர் கட்டிக்கொடுத்த வீடுகளின் தொகையையும் நட்ட மரக்கன்றுகளின் தொகையையும் சொல்வது இவ்வகையின் உச்சம்.

‘மறை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று கூறியாதல் வேண்டும். நன்னூலார் அதற்குக் கொண்ட பொருள் மறுத்தல். அமைச்சு கொண்ட பொருள் மறைத்தல். மறுப்பவன் ஒரு பொறுப்பை ஏற்கின்றான். தான் மறுத்தான் என்று நாளை அவனைச் சுட்டலாம். மறைப்பவன் எப்பொறுப்பையும் ஏற்பதில்லை. தேசிய பாதுகாப்பைக் கருத்திற்கொண்டு இவ்விபரத்தை வெளியிட இயலாது என்னும் வாக்கியம் உண்டென்றும் சொல்வதில்லை, இல்லையென்றும் சொல்வதில்லை. எழுவாயையும் அங்கே காண்பதற்கில்லை. இயலாதவர் யார்? கருத்திற்கொண்டவர் யார்? ஆளில்லாத வாக்கியம் அது. காவலரண் போல வாசலில் நிற்கும். உள்ளே எவர் இருக்கின்றார் என்பது வெளியே தெரியாது.

நன்னூலார் அறியாத ஒன்பதாம் விடையொன்றையும் நமது சபை ஆக்கியுள்ளது. விடையளிக்க இரண்டு வார கால அவகாசம் வேண்டும், ஒரு மாத கால அவகாசம் வேண்டும் என்று அமைச்சரின் சார்பில் அரசாங்கக் கட்சியின் முதற்கோலாசான் எழுந்து கேட்பது அது. காலம் ஒரு விடையாகின்றது. 1990ஆம் ஆண்டு யூன் மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய மக்களுக்கு அந்த ஒன்பதாம் விடையே கால் நூற்றாண்டாகக் கிடைத்து வந்தது.

இனி வினாவின் இயல்பை நோக்குவோம். விடையைத் தான் அறிந்திருந்தும் கேட்பது அறிவினா. ஆசிரியன் மாணாக்கனைக் கேட்பது போல. அறியாமையாற் கேட்பது அறியா வினா. மாணாக்கன் ஆசிரியனைக் கேட்பது போல. குடாநாட்டிலிருந்து பாதுகாப்பு அமைச்சை நோக்கிச் செல்லும் வினா அறியா வினா என்றே அமைச்சு பாவனை செய்கின்றது. தகவல் தேடுபவன் ஒருவன் வந்துள்ளான், அவனுக்கு எவ்வளவு தகவலைக் கொடுக்கலாம் என்று அது சிந்திக்கின்றது. உண்மையில் அது அறிவினா. மயிலிட்டியில் எத்தனை வீடுகள் இருந்தன என்பதை மயிலிட்டி அறியும். மாவிட்டபுரத்திலும் கீரிமலையிலும் பலாலியிலும் எவர் வளவு எவருடையது என்பதை அவ்வூரவர் அறிவர். அவர்கள் தகவல் கேட்கவில்லை. தாம் அறிந்த உண்மையை அரசு தன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும், அது அச்சேற வேண்டும் என்றே கேட்கின்றனர். ஆசிரியத் தொழில் புரிவோருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. விடை தெரிந்த ஆசிரியன் முன் மாணாக்கன் தடுமாறுவது போலத்தான், விடை தெரிந்த மக்கள் முன் அமைச்சு தடுமாறுகின்றது.

3

விடைகூறுவோர் யார் என்பதும் இந்த இலக்கிய வகையின் வரலாற்றோடு பிணைந்தது.

சோல்பரி யாப்பின்படி பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதமரின் பொறுப்பாக இணைக்கப்பட்டிருந்தன. 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் செய்யப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கை திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் அந்நியர் கையில் விட்டது. சிறிய நாடு தன்னந்தனியே நிற்க இயலாது என்பது டி. எஸ். சேனநாயக்கவின் வாதம். இது எத்தகைய சுதந்திரம் என்பது இடதுசாரிகளின் வினா. அவ்வினா சபையிலும் வெளியிலும் பத்தாண்டுகள் இடையறாது ஒலித்தது. 1957 ஒக்டோபரில் திருகோணமலையும் நவம்பரிற் கட்டுநாயக்கவும் பண்டாரநாயக்க அரசாங்கத்தினால் மீட்கப்பட்டபோது அதற்கு ஒரு விடை கிடைத்தது. பாதுகாப்புப் பற்றிய வினா வெளியுலகை நோக்கியிருந்த காலம் அது. இந்நாட்டை எவரிடமிருந்து, எவருடைய துணையோடு காப்பது என்பதே அன்றைய வாதம்.

வினாவின் திசை மாறிய ஆண்டு 1961 எனலாம். அவ்வாண்டு பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னால் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தனிச் சிங்களச் சட்டத்தின் நடைமுறையை எதிர்த்து மக்கள் வாசலில் அமர்ந்தனர். ஏப்பிரலில் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. இராணுவம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமிலே தடுத்து வைக்கப்பட்டனர். அந்நாளிற் பாதுகாப்பு அமைச்சராக விளங்கிய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க செனற் சபை உறுப்பினர். மக்கள் பிரதிநிதிகள் சபையில் அவருக்காக விடையளித்தவர் பாராளுமன்றக் காரியதரிசி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. கேட்கப்படுபவர் ஒருவர், விடையளிப்பவர் வேறொருவர் என்னும் மரபை அன்றே கண்டோம். அத்துடன், காக்கப்பட வேண்டிய நாட்டின் பகுதியாக அதுவரை இருந்த யாழ்ப்பாணம், நாட்டைக் காப்பதற்காக அடக்கப்பட வேண்டிய இடமாகவும் அன்றே ஆயிற்று.

இவ்விடத்தில் இடதுசாரிகளாகிய நாம் நம்மையும் விட்டுவைத்தல் நேர்மையாகாது. 1948இல் வினா எழுப்பிய கட்சிகளின் தலைவர்கள் 1970இல் அமைச்சரவையிலே அமர்ந்தனர். 1971 ஏப்பிரல் கிளர்ச்சியில் கிராமத்து இளைஞர் கொல்லப்பட்டபோது, மார்ச்சிற் பிரகடனஞ் செய்யப்பட்ட அவசரகாலநிலை 1977 வரை நீடித்தபோது, ‘இன்றேல், ஏன்?’ என்று கேட்டுப் பழகிய நாவுகள் ‘எழவில்லை’ என்ற சொல்லுக்குப் பழகிக்கொண்டன. வினாவுதல் எதிர்க்கட்சியின் தொழில் மட்டுமே என்று கருதியதன் விளைவு இது.

1978ஆம் ஆண்டின் யாப்பு, விடைகூறுவோரை இன்னும் தொலைவுக்குத் தள்ளியது. பாதுகாப்பு பெரும்பாலும் ஜனாதிபதியின் கைக்குச் சென்றது. ஜனாதிபதி பாராளுமன்ற உறுப்பினர் அல்லர். வினா நேரத்தில் அவரை எழுப்பிக் கேட்பதற்கில்லை. ரி. பி. வேரப்பிட்டிய, லலித் அத்துலத்முதலி, ரஞ்சன் விஜேரத்ன, அநுருத்த ரத்வத்த, ருவன் விஜேவர்தன என்று பிரதி அமைச்சர்களும் இராஜாங்க அமைச்சர்களும் தேசிய பாதுகாப்பு அமைச்சர்களும் அவருடைய நிழலில் நின்று விடையளித்து வந்துள்ளனர். 2001 டிசெம்பர் முதல் 2003 நவம்பர் வரை திலக் மாரப்பன பாதுகாப்பு அமைச்சராக இருந்தமை போன்றவை விலக்குகள். 2024 நவம்பரில் நியமனம் பெற்ற பிரதி அமைச்சர் அருண ஜயசேகர ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். அதிகாரம் ஓரிடத்தில், விடை வேறோரிடத்தில் என்ற அமைப்பு, நாடகத்திற் பின்னணிக் குரல் போன்றது. வாயசைப்பவரைக் கேள்வி கேட்கலாம். பாடுபவரைக் கேட்க முடியாது.

4

இவ்வுரைநடையின் சொற்களை இனி ஒன்றொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

‘தற்காலிகம்’ என்பது முதலாவது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் முழுப்பெயர் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் என்பது. மூன்று ஆண்டுகளுக்கென அது கொண்டுவரப்பட்டது. அதே யூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு பிரிகேடியர் வீரதுங்க பணிக்கப்பட்டு அனுப்பப்பட்டார். ஆண்டு முடிந்தது. பணி முடியவில்லை. 1982இல் அச்சட்டம் நிலையானதாக்கப்பட்டது. 2022இல் அது திருத்தப்பட்டபோதும் அதன் பெயரிலே ‘தற்காலிக’ என்ற சொல் அப்படியே இருந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் நீடித்த ஒரு தற்காலிகத்தைத் தமிழ் அகராதி எவ்வாறு ஏற்கும்? உயர் பாதுகாப்பு வலயமும் இச்சொல்லின் உடன்பிறப்பே.

அடுத்தது எண். 2006 முதல் 2009 வரை யுத்தம் உக்கிரமடைந்திருந்த காலத்தில், அவசரகால நிலையை மாதந்தோறும் நீடிக்கும் பிரேரணையைச் சமர்ப்பித்துப் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க இறந்தோரின் தொகையை வாசித்து வந்தார். ஒவ்வொரு மாதமும் ஒரு தொகை, கைகள் உயர்ந்தன, இன்னொரு மாதம் பிறந்தது. எண் இறந்தவனின் பெயரை விழுங்கிவிடுகின்றது என்பது உணர்ச்சி வழிப்பட்ட குற்றச்சாட்டு மட்டுமன்று. 2009இன் தொடக்கத்தில் வன்னியிற் சிக்கியிருந்த பொதுமக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசாங்கம் கூறி வந்தது. யுத்தம் முடிந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர். அனுப்பப்படும் அரிசியும் மருந்தும் அந்தச் சிறிய எண்ணுக்கேற்பவே அளக்கப்பட்டன என்பதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எடுத்துக்காட்டியது. ஆகவே பாதுகாப்பு அமைச்சின் வாக்கியத்தில் வரும் ஓர் எண், பசித்த பிள்ளையின் தட்டில் விழும் அல்லது விழாத ஒரு பிடி சோறு.

மூன்றாவது அளவை. 2013 ஏப்பிரலில் வலிகாமம் வடக்கிலும் அதனை அண்டியும் 6,381 ஏக்கர் காணியை இராணுவத்தின் பொருட்டுச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் வெளியானது. ஆயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். ஏக்கர் என்பது அமைச்சின் மொழி. குடாநாட்டு மக்கள் தம் நிலத்தைப் பரப்பிலும் குழியிலும் அறிவர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். 6,381 ஏக்கர் என்பது ஒரு இலட்சத்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பரப்பு. இரண்டு பரப்பு வளவில் ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு பனை, ஒரு மா என்று வாழ்ந்த மக்களிடம் அதனைச் சொல்லிப் பாருங்கள். ஏக்கரிற் சொன்னால் அது ஒரு முகாமின் பரப்பளவு. பரப்பிற் சொன்னால் ஓர் உலகம். அளவை மாறும்போது அறமும் மாறிவிடுகின்றது.

நான்காவது மொழி. ஹன்சாட்டில் ‘வினாக்களுக்கு வாய்மூல விடைகள்’ என்னும் தலைப்பின் கீழ் வினா மும்மொழியிலும் அச்சாகின்றது. விடையோ அமைச்சர் எம்மொழியிற் பேசினாரோ அம்மொழியிலேயே நிற்கின்றது. பாதுகாப்பு அமைச்சரின் மொழி ஏறக்குறைய எப்போதும் சிங்களம். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும் நிலைமை இதுவே. ஆகவே குடாநாட்டு வாசகன் தன் வினாவைத் தன் மொழியிலே படிக்கின்றான். அதற்குரிய விடையின் முன்னால் எழுத்தறியாதவனாகின்றான். கேட்பது நீயாகலாம், விளங்கிக்கொள்வது நீயாக வேண்டியதில்லை என்று இவ்வச்சமைப்பே சொல்லாமற் சொல்கின்றது. சிங்கள வாசகனின் நிலையும் பெரிதும் வேறன்று. மொழி விளங்கும், பொருள் விளங்காது. தன் மகனை எந்தக் கொள்கையின் பொருட்டுப் படைக்கு அனுப்பினாள் என்பதை அநுராதபுரத்துத் தாயும் அந்த விடைகளிலிருந்து அறிந்துகொண்டதில்லை. இரு மொழியிலும் ஏழைகளுக்கே விடை மறுக்கப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

5

இதுவரை விடையளித்தோரைக் குறை கூறினோம். வினவியோரின் கதை இனிமையானதன்று.

1983 ஓகஸ்டில் நிறைவேறிய 6ஆம் திருத்தத்தின் கீழ்ச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தம் ஆசனங்களை இழந்தனர். 1989 வரை, குண்டுகளும் கைதுகளும் குடாநாட்டின் அன்றாடமாகிய அந்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தின் சார்பாக எழுந்து நின்று ‘பாதுகாப்பு அமைச்சரைக் கேட்பதற்கு’ என்று சொல்ல மக்கள் தெரிந்தெடுத்த கூட்டணியின் குரல் சபையில் இருக்கவில்லை. வினா மிகத் தேவைப்பட்ட காலத்தில் வினவுவோரின் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

இதற்கு அரசை மட்டும் குற்றஞ்சாட்டினால் பாதி உண்மையே கூறியவராவோம். 1989 யூலையில் அமிர்தலிங்கம் கொழும்பிற் சுட்டுக் கொல்லப்பட்டது தமிழ்த் துப்பாக்கியினால். 1990 முதல் 1995 வரை குடாநாட்டை ஆண்டவர்களிடம் வினா எழுப்ப எந்தச் சபையும் இருக்கவில்லை; எழுவதற்கு எவருக்கும் துணிவும் இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது அவர்களும் கேட்டிருப்பர்: ஏன்? அவ்வினாவும் அன்று ‘எழவில்லை’. நம்முடைய ஒழுங்கைகளிலே, நம்முடைய மௌனத்தினால், நாமே அவர்களுக்கு அந்தச் சொல்லைச் சொன்னோம். 2006 நவம்பரில் யாழ் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் கொழும்பிற் கொல்லப்பட்டார். சிங்கள மக்களுடன் சிங்களத்திலேயே பேசி வினவக்கூடியவர் அவர். கேட்பவனைக் கொல்வது, பவணந்தியார் கனவிலும் கருதாத பத்தாவது விடை. அதனை இரு தரப்பினரும் கையாண்டனர்.

வினாக்களின் தரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. நம் பிரதிநிதிகள் பலர் சபையில் நிகழ்த்துவது வினாவன்று, பிரசங்கம். மறுநாட் பத்திரிகையின் முதற்பக்கத்தை எண்ணி ஆற்றப்படும் உரைக்கு அமைச்சர் விடையளிக்க வேண்டியதில்லை. அவர் அமைதியாக அமர்ந்திருந்தாற் போதும். இன்ன கிராம அலுவலர் பிரிவில், இன்ன வீதிக்கு வடக்கே, இத்தனை பரப்பு, இன்ன ஆண்டு முதல், எச்சட்டத்தின் எப்பிரிவின் கீழ் என்று கேட்கப்படும் வரண்ட வினாவே அமைச்சினை வியர்க்கவைக்கும். உணர்ச்சி செறிந்த சொற்பெருக்கு பாதுகாப்பு அமைச்சுக்கு ஒருபோதும் ஆபத்தாக இருந்ததில்லை. திட்பமான வினாவே ஆபத்தானது.

6

பாதுகாப்பு என்றால் இரகசியம் இருந்தே தீரும், எந்த நாட்டு அமைச்சர்தான் எல்லாவற்றையும் சபையிற் கொட்டுவார் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. விடை கூறியாதல் வேண்டும்.

1962இல் சீனத்துடன் யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே இந்தியப் பாராளுமன்றம் நவம்பர் 8ஆம் நாள் கூடியது. இரகசிய அமர்வு நடத்தலாம் என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. நாட்டின் முன்னிலையில், தம் சொந்தக் கொள்கையின் தோல்வி பற்றிய வசைகளை அவர் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னரே கிருஷ்ண மேனன் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. அவ்விவாதத்தினால் இந்தியா அழிந்துபோகவில்லை. 1982 மே மாதம் ஆர்ஜன்ரீனாவின் ஜெனரல் பெல்கிரானோ என்ற கப்பலைப் பிரித்தானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதைப் பற்றி டாம் டலியல் என்னும் தொழிற்கட்சி உறுப்பினர் விடாது வினவி வந்தார். அமைச்சர்கள் சபைக்கு உண்மையை மறைக்கின்றனர் என்று கண்ட பாதுகாப்பு அமைச்சின் அலுவலர் கிளைவ் பொன்டிங் ஆவணங்களை அவருக்கு அனுப்பினார். வழக்குத் தொடரப்பட்டது, 1985இல் யூரிமார் அவரை விடுதலை செய்தனர். முதலாளித்துவ நாடொன்றின் சாதாரணக் குடிமக்கள் பன்னிருவர், அரசின் இரகசியத்தைவிடப் பாராளுமன்றத்தின் வினா பெரிது என்று தீர்த்தனர்.

நாளை எந்தப் படையணி எங்கே நகரும் என்பது இரகசியம்; எவரும் மறுக்கவில்லை. மயிலிட்டி மீனவனின் வளவு எது என்பது இரகசியமாகாது. அவனுடைய உறுதியில் நான்கெல்லையும் எழுதப்பட்டுள்ளன. சித்திரவதை இரகசியமாகாது. புதைகுழி இரகசியமாகாது. 1998இல் இராணுவ வீரர் ஒருவர் நீதிமன்றத்திற் செம்மணியைச் சுட்டிக்காட்டினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. அத்துடன் விடயம் முடிந்தது என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. 2025இல் செம்மணிச் சிந்துபாத்தி மயானத்தில் மண் மீண்டும் வாய் திறந்தபோது 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுட் குழந்தைகளுடையவையும் இருந்தன. சபையில் எழாத வினா சுடலையில் எழுந்தது. இரகசியம் என்ற சொல் எவருடைய பாதுகாப்புக்காகப் பயன்பட்டது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

வினாவினால் எதுவும் நிகழ்வதில்லை என்ற விரக்தியையும் நாம் ஏற்பதற்கில்லை. முகாம்களில் வாழ்ந்த மக்களின் விடாப்பிடியும், வழக்குகளும், போராட்டங்களும், சபையிலே திரும்பத் திரும்ப எழுந்த வினாக்களும் சேர்ந்தே 2015 முதல் வேலிகளைச் சிறிது சிறிதாகப் பின்தள்ளின. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் திறந்துவிடப்பட்டது. 2025 ஏப்பிரலில் வசாவிளான் - பலாலி வீதி மூன்று தசாப்தங்களுக்கு மேற்பட்ட காலத்தின் பின் திறக்கப்பட்டது. திறந்தபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகளைக் கவனியுங்கள்: காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டும், இடையில் வாகனத்தை நிறுத்தலாகாது, படம் எடுக்கலாகாது, நடந்து செல்லலாகாது. தன் ஊர் வீதியிலே ஒருவன் நடக்கக்கூடாது என்பதும் ஒரு விடைதான். அதற்கும் அடுத்த வினா உண்டு. அது இரண்டே சொற்களில் உள்ளது.

7

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் தேசிய பாதுகாப்புக்கு விலக்களித்துள்ளது. எனவே பாராளுமன்ற வினா இன்னமும் மக்களிடமுள்ள முக்கிய கருவிகளுள் ஒன்று. அக்கருவியைத் தீட்டும் பொறுப்பு உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதன்று.

நம் வகுப்பறைகளில் நன்னூலின் வினாவும் விடையும் ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகின்றன. பழைய எடுத்துக்காட்டுக்களையே சொல்லி நாம் பாடத்தை முடித்துவிடுகின்றோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஹன்சாட்டின் ஒரு பக்கத்தைக் கரும்பலகையில் எழுதி, இது எவ்வகை வினா, இது எவ்வகை விடை என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். இனமொழியை அவர்கள் நொடியிற் கண்டுபிடிப்பர். எழுவாய் இல்லாத வாக்கியத்தில் எழுவாயைத் தேடுவர். பக்கத்து வாங்கிலிருக்கும் மயிலிட்டிப் பிள்ளை, விடையில் உள்ள எண் பிழை என்று எழுந்து சொல்லவும் கூடும். சிங்களத்தில் உள்ள விடையை வாசித்தறியச் சிங்களம் கற்க வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றினால், அதுவும் நன்மையே. தெற்கிலுள்ள அவனுடைய வயதொத்த மாணவன் ஒருவன் அதே விடையை வைத்துக்கொண்டு அதே வினாவைக் கேட்கும் நாள் வரும்போது, அமைச்சின் உரைநடை மாறித்தான் ஆக வேண்டும்.

சபையில் ஆசனங்கள் கைமாறும். அமைச்சர்கள் வருவர், போவர். நல்ல இலக்கணம் கற்ற ஒரு தலைமுறையை ஏமாற்றுவது மட்டும் எளிதன்று. அத்தலைமுறையை உருவாக்க நாம் முனைந்துள்ளோமா?

இன்றேல், ஏன்?